இருப்பிடம்: இடது கை மோதிர விரல்

அந்த மோதிரத்தை முதலில் போட்டுப் பார்த்தவன் பொனிரான். செங்கல் சூளைக்குக் களிமண் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒன்றரை ஆள் ஆழத்தில் அவன் மண்வெட்டி முனையில் அது அகப்பட்டது. தடித்த தங்கம், அகலமான முகப்பு, அதில் மங்கலாக ஒரு சிவப்புக் கல். வளையம் மட்டும் சின்னப் பிள்ளைக்குச் செய்தது போல இருந்தது. அவன் சுண்டு விரலில்கூட நகத்தைத் தாண்டவில்லை. அவன் மனைவி போட்டுப் பார்த்தாள், சூளையில் வேலை செய்கிற ஏழு பேரும் போட்டுப் பார்த்தார்கள், ஒருவருக்கும் இறங்கவில்லை. கடைசியில் அதை ஒரு மருந்துப் புட்டியில் போட்டு ஊராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தான். பழைய பிரம்பானான் கோயில்களுக்குப் பக்கத்து ஊர்களில் மண்ணை எங்கே கிளறினாலும் இப்படி ஏதாவது கிளம்பும். ஒப்படைத்தால் தொல்லியல் அலுவலகம் வெகுமதி தரும், ஒளித்து வைத்தால் போலீஸ் வரும். பொனிரானுக்கு வீட்டுக் கூரையை மாற்ற வேண்டியிருந்தது.

புட்டியை வாங்கிக்கொண்டவர் என் கணவர் சுப்ரப்தோ, எங்கள் கிராமச் செயலர். அதை அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தால் நான் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இருந்திருக்காது.

தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். அங்கே ரெத்னோ என்று ஓர் அதிகாரி அம்மா. "ரொம்ப நல்லதுங்க பாக். அளவு தெரியற மாதிரி பக்கத்துல ஏதாவது வச்சு ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் பேச்சில் பாக் என்றால் ஐயா. அலுவலகத்தில் மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. என் மகாராசா அதையெல்லாம் விட்டுவிட்டுத் தன் விரலை எடுத்திருக்கிறார். இடது கை மோதிர விரல்.

அது இறங்கியது. ஒன்பது பேருக்கு இறங்காத மோதிரம் இவருக்கு மட்டும் கணுவைத் தாண்டி உட்கார்ந்துகொண்டது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவர் விரல்கள் அப்படி. ஒல்லியாக, நீளமாக, ரெபாப் வாசிக்கவென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். வில்லால் இழுத்து வாசிக்கிற ரெபாப்புக்கு இரண்டே கம்பி. இடது கை விரல்கள்தான் அந்தக் கம்பிகளில் ஏறி இறங்கிச் சுரத்தைத் தேட வேண்டும், அதிலும் மோதிர விரல் இல்லாவிட்டால் பாட்டு பாதியில் நின்றுவிடும். என்னைப் பெண் கேட்டு வந்தபோது இவர் பேசியது மொத்தம் நாலு வார்த்தை. அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாண வீட்டில் கமெலான் வாத்தியக் குழுவோடு இவர் வாசித்ததைக் கேட்டிருந்தேன், அதனால்தான் சரி என்றேன். வாசிக்கும் நேரத்தில் அவர் வேறு ஆள். மற்ற நேரத்தில் ஒரு கிராமச் செயலர், அவ்வளவுதான்.

படத்தை ரெத்னோ அம்மாவுக்கு அனுப்பியதோடு நிறுத்தியிருக்கலாம். 'நம்ம ஊர் மண்ணில் கிடைத்த பொக்கிஷம்' என்று எழுதி ஊர் வாட்ஸாப் குழுவிலும் போட்டுவிட்டார். ஐந்து நிமிடத்தில் யாரோ பதில் எழுதினார்கள்: 'பாக் செயலருக்குப் பொருந்திடுச்சே.' பிறகு நாற்பது பேர் கும்பிடு போட்டார்கள்.

எங்களிடையே இது சாதாரண வார்த்தை இல்லை. பழைய பொருள், கத்தியோ மோதிரமோ, தனக்கான ஆளைத் தானே தேர்ந்தெடுக்கும் என்று பேச்சு. பொருந்தாதவன் வைத்திருந்தால் குடும்பம் சீரழியும், பொருந்தியவனுக்குப் பதவி வரும். அன்று சனிக்கிழமை. புதன்கிழமை ஊர்த் தலைவர் தேர்தல். மூன்று பேர் நின்றார்கள். கெளுத்தி மீன் குளங்கள் வைத்திருக்கும் ஹார்ஜோனோ, ஓய்வுபெற்ற வாத்தியார் மார்ஜுகி, மூன்றாவதாக என் கணவர். ஜெயிப்பார் என்று நான்கூட நம்பவில்லை.

சனிக்கிழமை மாலை மோதிரத்தைக் கழற்றப் பார்த்தோம். வரவில்லை. சோப்பு போட்டேன், தேங்காய் எண்ணெய் தடவினேன், ஐஸ் கட்டியில் விரலை வைத்தேன், நூல் சுற்றி இழுத்தேன். விரல் சிவந்ததுதான் மிச்சம்.

"நாளைக்குத் தீயணைப்பு நிலையத்துக்குப் போயிடலாம். அவங்க அஞ்சு நிமிஷத்துல வெட்டி எடுத்துடுவாங்க" என்றேன்.

அவர் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "புதன்கிழமை வரைக்கும் இருக்கட்டுமே" என்றார்.

"வீங்கிடுச்சுன்னா?"

"நாலு நாள்தானே. நான் ஒண்ணும் கேட்டுப் போட்டுக்கல. அதுவா வந்து உக்காந்துச்சு."

"அதுவா உக்காரலைங்க. நீங்க தள்ளினீங்க."

அவருக்குக் கோபமே வராது. அன்றும் வரவில்லை. மெதுவாகச் சொன்னார்: "இருபத்திரண்டு வருஷமா நாலு தலைவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கேன். ஒருத்தருக்குக்கூட ஒழுங்கா எழுதத் தெரியாது. அவங்க கையெழுத்துப் போட்டதும் நான் முத்திரை குத்துவேன். ஒரு தடவை நான் கையெழுத்துப் போட்டுப் பாக்கறேனே." எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். பேசியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் கூட்டம். வழக்கமாகத் தேர்தலுக்கு முன்னால் எந்த வேட்பாளர் வீட்டுக் கூரைமேல் நீல ஒளி விழுகிறது, யாருக்குப் பதவி என்று பார்க்க ஆட்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்தத் தடவை வானத்துக்கு ஓய்வு, எல்லாரும் என் கணவர் விரலைப் பார்க்க வந்தார்கள். கல்கண்டு போட்ட தேநீரும் பொரித்த வாழைப்பழமும் கொடுத்துக் கொடுத்து என் கை ஓய்ந்தது. பள்ளிவாசல் பொறுப்பாளர் மொக்தாரும் வந்தார். வந்து உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசி, உரத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"ஆம்பளைங்க தங்கம் போடக் கூடாதே, பாக் சுப்ரப்தோ."

"போடலைங்க பாக். மாட்டிக்கிச்சு."

மொக்தார் தேநீரைக் கீழே வைத்தார். "மாட்டிக்கிட்டா பாவம் இல்ல. அதை நெனச்சுச் சந்தோஷப்பட்டாத்தான் பாவம்."

"சந்தோஷமே இல்லைங்க" என்றார் என் கணவர், முகமெல்லாம் மலர்ந்து.

திங்கட்கிழமை ரெத்னோ அம்மா வந்தார். சின்னப் பெண், முப்பது வயதிருக்கும். பூதக்கண்ணாடியை எடுத்து விரல்மேல் கவிழ்த்துப் பார்த்தார். "மத்தராம் அரசர்கள் காலத்தோடது. ஆயிரத்து நூறு வருஷத்துக்குக் கொறையாது" என்று அவர் சொன்னதும் வாசலில் நின்ற கூட்டம் முனகியது. பொனிரான் தன் கூரையை அப்போதே மாற்றிவிட்டவன் மாதிரி சிரித்தான்.

"இதை வெட்டாம எடுக்கணும். வெட்டினா சேதம்னு எழுத வேண்டி வரும்" என்றார் ரெத்னோ.

"புதன்கிழமை சாயங்காலம் நானே கொண்டுவந்து தரேங்க" என்றார் என் கணவர்.

அந்தப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் வயதில் மூத்தவரை, அதுவும் வேட்பாளரை, ஊர் முன்னால் முடியாது என்று எப்படிச் சொல்வது? எங்களுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. "சரிங்க பாக்" என்றார். 'சரிங்க' என்பதை எங்கள் ஊரில் இருபது விதமாகச் சொல்லலாம், அதில் ஒன்றோ இரண்டோதான் சம்மதம். இருந்தாலும் என் கணவர் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார். ரெத்னோ படிவத்தை எடுத்து நிரப்பினார். பொருள்: மோதிரம். உலோகம்: தங்கம். கண்டெடுத்தவர்: பொனிரான். தற்போதைய இருப்பிடம் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு 'கிராமச் செயலரின் இடது கை மோதிர விரல்' என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அரசாங்கமே எழுத்தில் கொடுத்துவிட்டது என்று ஊரில் பேச்சு வந்தது.

செவ்வாய்க்கிழமை விரல் தடித்தது. வலியில் அவர் சாப்பிடவில்லை. கூட்டம் போன பிறகு நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு தட்டைக்கூட உடைத்தேன். "விரல் போச்சுன்னா எதை வச்சு வாசிப்பீங்க?" என்று கேட்டேன். "ஒரு நாள்தானே" என்றார். தலையில் அடித்துக்கொண்டு படுத்தேன்.

புதன்கிழமை காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் வேட்பாளர்கள் வாக்குப்பதிவு முடியும்வரை மணமக்கள் மாதிரி மனைவியோடு வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறவர்கள் முதலில் எங்களைப் பார்ப்பார்கள், பிறகு போய் ஓட்டுப் போடுவார்கள். தொழுகைக்கும் சிறுநீருக்கும் வேட்பாளர் எழுந்திருக்கலாம். அவர் போனால் நாற்காலி வெறுமையாகாமல் மனைவி காக்க வேண்டும். மனைவியே எழுந்து போனாள் என்றால் அந்த வீட்டுப் பதவியும் எழுந்து போய்விடும் என்பார்கள். நான் கழுத்து ஒடியக் கொண்டை போட்டு, மூச்சு முட்ட இடுப்பைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். என் கணவர் கோடு போட்ட மேல்சட்டையும் தலைப்பாகையுமாக, இடது கையை முழங்கால்மேல் எல்லாருக்கும் தெரியும்படி வைத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். ஹார்ஜோனோவின் மனைவி என் பக்கம் சாய்ந்து, "உங்க வீட்டுக்காரருக்கு விரல் மட்டும் நல்லாச் சதை போட்டிருக்கே, இபு" என்றாள். குத்திப் பேசினாலும் எங்கள் ஊரில் 'இபு', அம்மா என்ற மரியாதை குறையாது.

ஒன்பது மணிக்கு விரல் சிவப்பாக இருந்தது. பத்து மணிக்குக் கத்தரிக்காய் நிறம். மோதிரம் சதைக்குள் புதைந்து, கல் மட்டும் வெளியே தெரிந்தது. பதினொரு மணிக்கு, "ரொம்ப வலிக்குதா?" என்று உதடு அசையாமல் கேட்டேன்.

"இல்ல. இப்ப வலி விட்டுடுச்சு" என்றார். நிம்மதியாகச் சொன்னார்.

கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, அவர் விரல் நுனியில் குத்தினேன். கொஞ்சம் அழுத்தியே குத்தினேன். அவர் ஓட்டுப் போட வந்த ஒரு கிழவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு மாறவே இல்லை.

நான் எழுந்தேன்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். யாரோ "இபு" என்றார்கள். என் கணவர் முன்னால் பார்த்தபடியே, "உக்காரு" என்றார், "உக்காரு, உன்னக் கும்புடறேன்." அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் உட்காரவில்லை. இறுக்கிக் கட்டிய சேலையில் வேகமாகவும் நடக்க முடியாது. முழு ஊரும் பார்க்க, குட்டிக் குட்டி அடி வைத்து, கொடிமரம் வரைக்கும் போய்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன்.

சிவப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு வந்தது. எங்கள் மாவட்டத்தில் அவர்கள் அணைக்கிற தீயைவிட வெட்டுகிற மோதிரமும் பிடிக்கிற பாம்பும்தான் அதிகம், கை பழகிப் போயிருந்தது. மூத்தவர் ஒருவர் விரலைத் தொட்டுப் பார்த்தார்.

"வெட்டிடலாங்களா பாக்?"

என் கணவர் சீருடை போட்டவரிடம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. "சரிங்க" என்றார். "சரிங்க. ரெண்டு மணிக்கு ஓட்டுப் பதிவு முடியுதுங்க. அதுக்கப்புறம்..."

மூத்தவர் என்னைப் பார்த்தார். கணவர் பேசும்போது குறுக்கே பேசுவது எங்கள் ஊரில் இல்லை. பொது இடத்தில் மறுத்துப் பேசுவது அதைவிட இல்லை.

"வெட்டுங்க" என்றேன்.

மோதிரத்துக்கும் சதைக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகினார்கள். ஒருவர் தண்ணீர் ஊற்ற, சின்னச் சக்கரம் ஒன்று சுழன்றது. ஆறு நிமிடம் ஆனது. என் கணவர் கண்ணை மூடவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. இடுக்கியால் வளையத்தை விரித்தபோது கல் தெறித்து மணலில் விழுந்தது. பொனிரான் மண்டியிட்டுத் தேடி எடுத்துத் துடைத்தான்.

"ஆயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கெடந்துச்சு. மேல வந்து அஞ்சு நாள் தாங்கல" என்றான், யாரையும் குறை சொல்லாமல்.

ஹார்ஜோனோ 412. என் கணவர் 381. வாத்தியார் 96.

வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருந்தவரிடம் நானே போய் விசாரித்தேன். மோதிரத்தை வெட்டிய பிறகு வந்தவை வெறும் ஒன்பது ஓட்டு. தோற்றது முப்பத்தோரு ஓட்டில். அதாவது விரலோடு மோதிரம் இருந்திருந்தாலும் தோற்றிருப்பார். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். இதைக் கேட்டால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்த முட்டாள் நான்.

அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "வெட்டினதுக்கப்புறம் ஒம்போது. சரி. நீ நாற்காலிய விட்டு எழுந்ததுக்கப்புறம் எத்தனை?"

அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை.

மற்றவர்களுக்கெல்லாம் நல்லதே நடந்தது. தொல்லியல் அலுவலகத்தின் பொற்கொல்லர் மோதிரத்தை ஒட்டிக் கல்லையும் பதித்துவிட்டார், எங்கே வெட்டினார்கள் என்று கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது என்று ரெத்னோ அம்மா போனில் சொன்னார். சேதம் என்று எழுதவில்லையாம். பொனிரான் வீட்டுக்குப் புது ஓடு வந்தது. ஹார்ஜோனோ பதவி ஏற்ற மறுநாளே என் கணவரை அழைத்து ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். இவர் எழுதினார். அவர் கையெழுத்துப் போட்டார். இவர் முத்திரை குத்தினார்.

விரலும் பிழைத்துக்கொண்டது. வெந்நீரில் வைத்துத் தினமும் மடக்கி நீட்டச் சொன்னார் மருத்துவர். மூன்று வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. அடியில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றது. அந்த விரலால் அவர் மீன் முள் எடுப்பதைப் பார்க்கிறேன், கிராம்புச் சிகரெட் சுருட்டுவதைப் பார்க்கிறேன், முதுகு சொறிவதைப் பார்க்கிறேன். ரெபாப்பை மட்டும் துணி போட்டு மூடி அறை மூலையில் சாத்தி வைத்துவிட்டார். கேட்டால், "அப்புறம் பாக்கலாம்" என்பார். என்னை ஏசியதில்லை. ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து, தட்டு உடைத்து, அழுது தீர்த்திருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

போன வாரம் குனார்டி வந்திருந்தார். பாவைக்கூத்து நடத்துபவர், எங்கள் வட்டாரத்தில் அவர் பெயர் தெரியாதவர்கள் இல்லை. அவரே நேரில் வந்து கூப்பிடுவது பெரிய மரியாதை. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு குனார்டி சொன்னார்: "அடுத்த மாசம் சோலோ நகரத்துல ஒரு பெரிய நிகழ்ச்சி. ரெபாப்புக்கு நீங்க வந்தாத்தான் எனக்குக் கதை சொல்ல வாய் வரும், பாக். மாட்டேன்னு சொல்லிடாதீங்க."

என் கணவர் முகத்தையே பார்த்தேன். இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார், சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். மோதிர விரலைக் குச்சி மாதிரி விறைத்து வைத்திருந்தார்.

"வரணும்னுதாங்க ஆசை. ஆனா இது மடங்க மாட்டேங்குது. அன்னைக்கே போயிடுச்சு" என்றார்.

குனார்டி விரலைப் பார்த்தார். பிறகு, நம்ப முடியாமல், என்னைப் பார்த்தார். குனார்டி வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் என் கணவர் அதே விரலை மடக்கி எனக்காக ஒரு தேங்காய்ச் சில்லை மூடியிலிருந்து தோண்டிக் கொடுத்திருந்தார். அதை நான் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை போதும். ஆனால் ஊர் முன்னால் ஒரு தடவை அவர் பேச்சுக்கு மேல் பேசியவள் நான். இன்னொரு தடவைக்கு எனக்குத் தெம்பில்லை.

"ஆமாங்க" என்றேன். "மடங்கறதே இல்ல."